வேஷம் சரி, கால் இடிக்கிறது: சரித்திர நாடகக் காலணிக் கோளாறுகளும் தீர்வும்

கட்டபொம்மன் வேஷத்துக்குத் தலைப்பாகையில் ஜரிகை வைத்து, அங்கியில் ஒவ்வொரு மணியாகக் கோத்துத் தைத்திருப்பார்கள். திரை விலகியதும் பார்த்தால் காலில் வெள்ளைக் கரை போட்ட கறுப்பு ஷூ. உடைக்குக் கொட்டிய உழைப்பு அத்தனையும் அந்த வெள்ளைக் கரையில் போய்விடும். பள்ளி ஆண்டு விழா, ஊர்க்கொடை நாடகம், பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபைகளில் பெரிய வெள்ளியை ஒட்டி நடக்கும் பாடுகளின் நாடகம், மிஷன் பள்ளிகளின் நிறுவனர் நாள் என்று நம் நெல்லைச் சீமையில் சரித்திர வேஷத்துக்குப் பஞ்சமில்லை. அதில் திரும்பத் திரும்ப வரும் காலணிக் கோளாறுகளை அறிகுறிவாரியாகக் கீழே எழுதியிருக்கிறோம். உங்களுக்கு எது இடிக்கிறதோ அதற்கு நேராகப் போகலாம். அதற்கு முன் அடுத்த பத்தியை மட்டும் படித்துவிடுங்கள்.

கடைக்குப் போகுமுன்

ஆண்டு எது, ஆள் யார், நிற்கும் இடம் எது: இந்த மூன்றும் தெரியாமல் காலணி தேடக் கூடாது. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 1799-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குள் நிற்கும் ஆளுக்கும் அதே நாள் கயத்தாறு சாலையில் நடக்கும் ஆளுக்கும் கால் ஒன்றாக இருக்காது. கோயில், அரண்மனை, வீட்டுத் திண்ணை தாண்டிய உள்பகுதி எல்லாம் காலணி கழற்றும் இடம். 20-ம் நூற்றாண்டுக்கு முந்தைய தமிழ்ப் பாத்திரங்களில் பெரும்பாலோருக்குச் சரியான காலணி வெறுங்கால்தான். செலவும் இல்லை, தப்பும் வராது. காலணி கட்டாயம் வேண்டும் என்று கதை சொன்னால் மட்டும் தேடுங்கள்.

அறிகுறி: ஃபோட்டோ எடுத்தால் கால் மட்டும் தனியாகத் தெரிகிறது

முழு வேஷத்தோடு ஆளை நிறுத்தி, செல்போனை முழங்கால் உயரத்தில் பிடித்து, ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். மேடை விளக்கும் முன்வரிசைக் கண்ணும் ஏறக்குறைய இந்தக் கோணத்தில்தான் காலைப் பார்க்கின்றன. படத்தில் சோலின் ஓரம், கட்டும் முறை, மூக்கு, பளபளப்பு, ஹீல் என்று இந்த வரிசையில் கண்ணை ஓட்டினால் குற்றவாளி அகப்படுவார். பெரும்பாலும் முதல் இரண்டிலேயே மாட்டிக்கொள்வார்.

சோலின் ஓரம் வெள்ளையாகவோ, பள்ளம் பள்ளமாக வார்த்ததாகவோ இருந்தால் அது ரப்பர் அல்லது பி.வி.சி. வார்ப்பு. பழைய தோல் சோலின் ஓரம் மட்டமாக, மேல்தோலின் நிறத்திலோ கருப்பாகவோ இருக்கும். தீர்வு: ஓரத்தை 120 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, 3 மி.மீ. தடிமன் தோல் பட்டையை சோல் உயரத்துக்கு வெட்டிச் சுற்றி ஒட்டுங்கள். பட்டையின் இரண்டு முனையும் உள்காலின் நடு வளைவில் சேரட்டும், அங்கே கண் போகாது. சொல்யூஷனை இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, பிறகு ஒட்டிச் சுத்தியால் தட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் வெயிலில் நின்ற வேனுக்குள் இருந்து எடுக்கும்போதே பட்டை கையோடு வந்துவிடும். சித்திரை வெயிலில் இந்தப் புகார்தான் அதிகம் வரும்.

கட்டும் முறையில் நாள் பார்ப்பது சுலபம். வெல்க்ரோ 1950களுக்கு முன் கிடையாது. ஜிப் காலணிக்கு வந்தது 1920களில். பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த பூட்ஸ் 1837-ல் விக்டோரியா ராணிக்காக லண்டனில் செய்யப்பட்டது, அதற்கு முந்தைய கதையில் அது வரக் கூடாது. லேஸ் ஓட்டையில் உலோக வளையம் 1823-க்குப் பிறகுதான். அதற்கு முன் ஓட்டையைச் சுற்றி நூலால் தைத்திருப்பார்கள், அல்லது சும்மா குத்தியிருப்பார்கள். உலோக வளையத்தைக் கழற்ற வேண்டியதில்லை. கறுப்பு மெழுகு நூலால் வளையத்தின் மேலேயே சுற்றித் தைத்துவிட்டால் ஒரு அடி தூரத்தில்கூடத் தெரியாது.

பளபளப்புக்கு வழி: 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, துடைத்து, கறுப்பு பாலிஷைப் பூசிவிட்டுப் பிரஷ் போடாமல் விட்டுவிடுங்கள். பேட்டன்ட் லெதர் மாதிரி மின்னும் ஷூவை 1799 கதைக்கு வாங்காமல் இருப்பதே நல்லது, தேய்த்து அதன் மினுக்கை அடக்க முடியாது.

அதற்கு மேல் ஒரு வேலை உண்டு, யாரும் செய்வதில்லை: மண். பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் பக்கம் கரிசல். இடையன்குடி, சாயர்புரம் பக்கம் தேரிச் செம்மண். கதை நடக்கும் ஊரின் மண் ஒரு பிடி எடுத்து வேட்டித் துணியில் சலித்து, ஒரு பங்கு ஃபெவிகாலுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து குழைத்து, ஸ்பாஞ்சால் சோல் ஓரத்திலும் அதற்கு மேல் இரண்டு விரற்கடை உயரத்திலும் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். புது ஷூவின் புதுமை அத்தோடு போகும். கட்டபொம்மன் நாடகத்தில் கால் செக்கச்செவேல் என்று இருந்தால் ஒட்டப்பிடாரத்துக்காரர் யாராவது சிரிப்பார்.

அறிகுறி: காலணி அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த ஆள் அதைப் போட்டிருக்க மாட்டார்

பாளையக்காரர் காலில் ஜரிகை போட்டு மூக்கு வளைந்த ராஜஸ்தானி ஜுத்தி: இது வேஷ வாடகைக் கடைகளின் பழக்கம். வடக்கே இருந்து வந்த தோற்றம். நம் கண் சினிமாவில் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. மூக்கு வளைந்த தோல் காலணி தக்காண, முகலாயச் சாயல் படிந்த அரசவைகளில் இருந்தது உண்மைதான். ஆகவே பாளையக்காரருக்கு முற்றிலும் ஆகாது என்று சொல்லிவிட முடியாது. கண்ணாடிக் கல், சம்கி, மெஷின் எம்ப்ராய்டரி ஆகியவைதான் ஆகாது. கிடைத்த ஜுத்தியில் கல்லைப் பிரித்தெடுத்து, எம்ப்ராய்டரி மேல் பழுப்பு ஃபேப்ரிக் பெயிண்டைத் தண்ணியாக அடித்தால் போதும். தர்பார்க் காட்சியில் அதையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அமரட்டும்.

கம்பெனிச் சிப்பாய்களுக்குப் போலீஸ் பூட்ஸ் கொடுப்பது அடுத்த தப்பு. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்த ஓவியங்களில் சென்னைப் படையின் இந்தியச் சிப்பாய்கள் செருப்போடோ வெறுங்காலோடோதான் நிற்கிறார்கள். மேலே சிவப்புக் கோட்டு, கீழே குட்டைக் கால்சட்டை, அதற்குக் கீழே வெறுங்கால். பார்ப்பவருக்கு முதலில் வினோதமாகத் தெரியும். பத்துப் பேருக்கு பூட்ஸ் வாடகை மிச்சம் என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), குமாஸ்தா வேஷங்கள் கலெக்டர் ஜாக்சன் முன் ஷூவோடு நிற்பதும் சரியில்லை. ஆங்கில அதிகாரி முன் இந்தியர் காலணியைக் கழற்ற வேண்டும் என்பது பெரிய கௌரவப் பிரச்சினையாகவே நடந்தது. 1820களில் கவர்னர் ஜெனரல் ஆம்ஹெர்ஸ்ட் அதை வற்புறுத்தினார், டல்ஹௌசி காலத்தில் இன்னும் இறுகியது. 1862-ல் சூரத் நீதிமன்றத்தில் மனோக்ஜி கோவாஸ்ஜி என்டீ கழற்ற மறுத்து நின்றார். ஆகவே கலெக்டர் கச்சேரிக் காட்சியில் வாசலில் நான்கைந்து ஜோடி நாட்டுச் செருப்புகளைக் கழற்றி வைத்தால், வசனம் இல்லாமலே அதிகாரம் யாரிடம் என்பது தெரியும்.

குடியானவருக்கு நாட்டுச் செருப்பு போதும்: இரண்டு அட்டை எருமைத் தோல், பெருவிரல் வளையம், குறுக்கே ஒரு வார். ஹவாய் செருப்பு சுதந்திரத்துக்குப் பின் வந்த சரக்கு. டயர் செருப்பு மோட்டார் வண்டி வந்த பிறகு. வ.உ.சி. காலக் கதையில் டயர் செருப்பு பார்த்தால் சொல்லித் திருத்துங்கள், சண்டை போட வேண்டாம்.

அறிகுறி: பானர்மேன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிற்கிறார்

சிவப்புக் கோட்டு, வாள், தொப்பி எல்லாம் இருந்தும் மேஜர் பானர்மேன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் போல் தெரிகிறார் என்றால், காரணம் லேஸ் கட்டிய யூனிஃபார்ம் ஷூ. இதற்கு இரண்டு வழி.

மலிவான வழி காலுறை மூடி. ஷூவை மாற்றாமல், முழங்காலுக்குக் கீழிருந்து ஷூவின் நெற்றி வரை மூடும் கறுப்புத் துணிக் கவசம் தைப்பது. லேஸ், வளையம், நாக்கு எல்லாம் உள்ளே மறைந்துவிடும். துணி தடித்த கறுப்பு டிரில். ஒரு ஜோடிக்கு முக்கால் மீட்டர் போதும். எடுக்க வேண்டிய அளவுகள்: முழங்காலுக்குக் கீழ்ச் சுற்றளவு, கெண்டைக்காலின் தடித்த இடம், கணுக்கால், முழங்காலுக்குக் கீழிருந்து தரை வரை உயரம். எல்லாச் சுற்றளவையும் ஷூவும் மேஜோடும் போட்டுக்கொண்டே எடுக்க வேண்டும், மேலேறும் பொத்தான் பட்டிக்கு 3 செ.மீ. கூட்ட வேண்டும். ஒரு காலுக்கு உள்பக்கத் துண்டு ஒன்று, வெளிப்பக்கத் துண்டு ஒன்று. முன்னால் ஒரு தையல், பொத்தான் வரிசை வெளிப்பக்கம். 3 செ.மீ.க்கு ஒரு பொத்தான் என்று பதினொன்றோ பன்னிரண்டோ வரும். காட்சிக்கு இடையே இரண்டு நிமிடத்தில் மாட்டிக் கழற்ற வேண்டுமானால் பொத்தானை மேலே அலங்காரமாகத் தைத்து, அடியில் வெல்க்ரோ வையுங்கள். மறைந்திருக்கும் வெல்க்ரோவுக்கு வயது கிடையாது. ஹீலுக்கு முன்னால் சோலின் அடியில் போகும் 2 செ.மீ. அகல வார் ஒன்று கட்டாயம். அது இல்லாவிட்டால் நாலு எட்டு நடப்பதற்குள் மூடி மேலேறி லேஸ் எட்டிப் பார்க்கும்.

மூடி கணுக்காலில் சுருங்கித் தொங்கினால் கணுக்கால் அளவு தளர்வு. பின் குத்தி, பின்பக்கம் ஒரு மடிப்புத் தையல் போடுங்கள். கெண்டைக்கால் இறுக்கி ஆள் நொண்டினால் மேல் மூன்று பொத்தானை மட்டும் 1 செ.மீ. நகர்த்துங்கள், முழுதையும் பிரிக்க வேண்டாம்.

இரண்டாவது வழி பக்கிள் ஷூ. இது கொஞ்சம் வயதான அதிகாரி, பாதிரியார், வியாபாரி ஆகியோருக்குத்தான் பொருந்தும். 1790களில் பக்கிள் மவுசு குறைந்து கயிறு கட்டும் ஷூ வந்துகொண்டிருந்தது. லேஸ் இல்லாத கட் ஷூ, உருண்டை மூக்கு, ஹீல் 2 முதல் 2.5 செ.மீ. என்று தேடுங்கள். நெற்றியில் 9 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம் நாக்கு ஒன்று தோலில் வெட்டி உள்பக்கமாகத் தையுங்கள். இரண்டு பக்கமும் குதிகாலிலிருந்து 2.5 செ.மீ. அகல வார் வந்து நாக்கின் மேல் குறுக்காக மடங்கும், அந்த மடிப்பின் மேல் பக்கிள். பக்கிளை எம்-சீலில் மட்டும் செய்தால் நடக்கும்போது ஒடியும். டின் தகட்டில் 6 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம் சட்டம் வெட்டி, ஷூவின் நெற்றி வளைவுக்கு ஏற்றபடி முதலில் வளைத்து, அதன் மேல் எம்-சீல் பூசி வேலைப்பாடு கீறி, ஒரு ராத்திரி இறுகவிட்டு வெள்ளிப் பெயிண்ட் அடியுங்கள். தட்டையாகச் செய்து பிறகு வளைத்தால் பொருக்குத் தட்டும்.

1800-க்கு முன் ஐரோப்பியக் காலணியில் வலது இடது பெரும்பாலும் கிடையாது, ஷூ செய்யும் அச்சுக் கட்டை ஒன்றிலேயே இரண்டும். அதை மேடைக்குச் செய்துபார்க்க வேண்டாம், காலுக்கு வலிதான் மிச்சம். மூக்கு ஒரு பக்கமாக அதிகம் சாயாத ஷூவாகப் பொறுக்கினாலே அந்தச் சாயல் வந்துவிடும்.

அறிகுறி: மிஷனரி அம்மா கவுனில் ஹீல்ஸ் தட்டி விழுகிறார்

ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820. கால்டுவெல் இடையன்குடியில் 1841, போப் சாயர்புரத்தில் 1842. இந்த இருபது முப்பது ஆண்டுகளில் ஐரோப்பியப் பெண்களின் காலணியில் ஹீலே கிடையாது. மெல்லிய தட்டை சோல், சதுர மூக்கு, கணுக்காலில் ரிப்பன். ஹீல் திரும்பி வந்தது 1850களில். ஆக, கடையில் "பெல்லி" என்று கேட்டு வாங்கும் தட்டைக் காலணியே இந்தக் கதைகளுக்குக் கிட்டத்தட்ட அப்படியே சரி. மூக்கு மேல் இருக்கும் ரிப்பன் முடிச்சை வெட்டி எடுத்து, பக்கவாட்டில் 1 செ.மீ. அகலச் சாட்டின் ரிப்பனை உள்பக்கம் தைத்து, கணுக்காலில் குறுக்கே கட்டுங்கள்.

தட்டி விழுவதற்குக் காரணம் காலணியைவிடக் கவுன்தான். ஹீல்ஸ் போட்டு அளந்து மடித்த விளிம்பு, தட்டைக் காலணிக்கு மாறியதும் தரையில் புரளும். எந்தக் காலணியோ அதைப் போட்டுக்கொண்டு, தரையிலிருந்து 4 செ.மீ. மேலே விளிம்பு மடியுங்கள். புடவைக்குப் பழகிய கால் முன்னால் உதைத்து நடக்காது; ஆகவே இன்னும் ஒரு செ.மீ. ஏற்றினாலும் தவறில்லை.

மெட்டியைக் கழற்றுங்கள். மருதாணி, நகப்பூச்சு, பிளாஸ்திரி, வாட்ச் கட்டிய இடத்து வெளிர்க் கோடு: காலணியைச் சரியாக்கிவிட்டு இவற்றை விட்டுவிடுகிறார்கள். கன்னி மரியாள் வேஷத்தில் கால் மெட்டி மின்னிய மேடைகள் நம் பக்கம் நிறையவே உண்டு.

அறிகுறி: ஹீலைக் குறைத்ததும் ஷூவின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது

ஒவ்வொரு ஷூவும் ஒரு குறிப்பிட்ட ஹீல் உயரத்துக்கு ஏற்ற கட்டையில் ஏற்றிச் செய்தது. பாதத்தின் நடுவில் உள்ளே ஓர் இரும்புப் பட்டை அந்த வளைவைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஹீலை மட்டும் வெட்டினால் பட்டை வளைவை விடாது, முன்பக்கம் மேலே எழும்பும். ஒரு செ.மீ.க்கு மேல் குறைக்கக் கூடாது. செருப்புத் தைப்பவரிடம் "ஹீலைக் கழட்டுங்க" என்று மொட்டையாகச் சொன்னால் முழுதும் போய்விடும். "அண்ணாச்சி, அடி அட்டை ஒண்ணு மட்டும் எடுத்துட்டு, மட்டம் பண்ணி ரப்பர் வச்சிருங்க" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் குறைய வேண்டியிருந்தால் வேறு ஷூ பாருங்கள்.

அறிகுறி: 1911 மணியாச்சிக் காட்சி 1970 மாதிரி இருக்கிறது

இது சுலபமான காலம். லேஸ், உலோக வளையம், மூக்குத் தொப்பித் தையல் எல்லாம் வந்துவிட்டன. கலெக்டர் ஆஷுக்குக் கணுக்கால் மூடும் கறுப்பு அல்லது பழுப்பு லேஸ் பூட்ஸ் போதும். தப்பு நடப்பது சோலில்தான்: பற்கள் வைத்த தடிமனான ரப்பர் சோல். முதல் பகுதியில் சொன்ன தோல் பட்டை வைத்தியம் இதற்கும் பொருந்தும். வாஞ்சிநாதன், பாரதி, வ.உ.சி. வேஷங்களுக்கு முழு உருவப் புகைப்படம் கிடைத்தால் முகத்தைப் பார்த்தது போதும், கீழே காலைப் பாருங்கள்.

அறிகுறி: ரோமச் சேவகன் ஃபேஷன் ஷோவில் நடப்பது போல் இருக்கிறான்

முழங்கால் வரை வார் சுற்றிப் பின்பக்கம் ஜிப் வைத்த "கிளாடியேட்டர்" செருப்பு வாங்கியிருப்பீர்கள். ரோமப் படைவீரனின் கலிகா என்ற வார்க் காலணி கணுக்காலுக்கு ஒரு கை அகலம் மேலே முடிந்துவிடும். மேல்பாகம் முழுவதும் ஒரே தோலில் பட்டை பட்டையாகத் திறந்து வெட்டியது. அடியில் இரும்பு ஆணிகள். இயேசு காலத்துக்கு அது மிகச் சரி.

கையால் செய்ய எண்ணினால் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்திய தோல் கேளுங்கள். வெட்டு ஓரத்தைப் பார்த்தே இனம் காணலாம்: நடுவில் நீலம் கலந்த சாம்பல் தெரிந்தால் குரோம் தோல், முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். மேல்பாகத்துக்கு 2 முதல் 2.5 மி.மீ., உள் சோல் 2, நடு சோல் 2, அடி சோல் 4 மி.மீ. காலைத் தாளில் வரையும்போது மாலையில் வரையுங்கள், பகலெல்லாம் நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மேல்பாகத்தின் கீழ் ஓரத்தில் 2 செ.மீ. விட்டு, அதை உள் சோலுக்கும் நடு சோலுக்கும் இடையே மடித்து ஒட்டித் தைக்க வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் ஒரே தையல். முதலில் பழைய ரெக்சினில் வெட்டிப் போட்டுப் பார்க்காமல் தோலைத் தொடாதீர்கள். பட்டைகளின் அகலம் 1 செ.மீ.க்குக் குறைந்தால் இழுத்துக் கட்டும்போது கிழியும். கட்டும் வார் 5 மி.மீ. முடிந்ததும் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு காலில் கட்டி அரை மணி நேரம் நடந்தால் தோல் அந்தக் காலுக்கே பழகிவிடும். குரோம் தோல் இப்படிப் பழகாது.

ஆணி அடிப்பதில் நிதானம் வேண்டும். சபை மண்டபத்து மொசைக் தரையில் ஆணி சோல் பனிச்சறுக்கு, டைல்ஸும் கீறும். மண் மைதானம் என்றால் அடியுங்கள். மண்டபம் என்றால் ஆணியை விட்டுவிட்டு ரப்பர் ஒட்டுங்கள், யாரும் காலைத் தூக்கிப் பார்க்கப் போவதில்லை. ஆணி நுனி உள்ளே நீட்டிக்கொண்டு குத்தினால், அடியில் இரும்புத் துண்டு கொடுத்து நுனியைத் திருப்பி மடக்கி, மேலே ஒரு உள் சோல் ஒட்ட வேண்டும்.

பொந்தியு பிலாத்துவுக்குச் சேவகன் செருப்பு வேண்டாம். டோகா என்ற நீண்ட மேலங்கி உடுத்திய ரோமருக்கு மூடிய தோல் காலணி, வார் முடிச்சோடு. சீஷர்களுக்கு எளிய வார்ச் செருப்பு போதும். ஆனால் பாதம் கழுவும் காட்சியில் அது கழன்று முன்னே வரும், அடியில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று அன்று காலையே புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: அடித்த பெயிண்ட் பிசுபிசுக்கிறது, அல்லது பொருக்குத் தட்டி உதிர்கிறது

பிசுபிசுப்பது பி.வி.சி. செருப்பில் எனாமல் பெயிண்ட் அடித்ததால். பி.வி.சி.யை மெதுவாக வைத்திருக்கும் எண்ணெய் மேலே கசிந்து பெயிண்டைக் காயவிடாது. எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் காயாது. தின்னரால் துடைத்துவிட்டு, அந்தச் செருப்பைத் துணியோ தோலோ ஒட்டி மூடுங்கள். உதிர்வது வளையும் இடத்தில் தடிமனாக அடித்ததால். சொரசொரப்பாக்கி, அக்ரிலிக் ஃபேப்ரிக் பெயிண்டைத் தண்ணியாக மூன்று கோட்டு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு.

பட்டைத் தோலைக் கருப்பாக்கப் பெயிண்டே வேண்டாம். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் போட்டு ஐந்தாறு நாள் வையுங்கள். ஜாடி மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு உண்டாகும். வடிகட்டித் தோலில் தடவினால், பழுப்பு நம் கண் முன்னாலேயே சாம்பலாகி, சற்று நேரத்தில் கருக்கும். தோலில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. கருப்பு போதாவிட்டால் கடுக்காய்க் கஷாயத்தை முதலில் பூசிக் காயவிட்டு, மறுபடி தடவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்துத் துடைத்து, நிழலில் காயவைத்து, விளக்கெண்ணெய் லேசாகப் பூசுங்கள். எண்ணெயை விட்டால் தோல் வறண்டு வெடிக்கும். குரோம் தோலில் இந்த வித்தை பலிக்காது, அழுக்குச் சாம்பலோடு நின்றுவிடும்.

அறிகுறி: வழுக்குகிறது, சத்தம் போடுகிறது, கழன்று விழுகிறது

வழுக்கினால் அடியில் 2 மி.மீ. ரப்பர் ஷீட்டை, ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி ஒட்டுங்கள். வெளியே தெரியாது. அவசரமென்றால் 60 நம்பர் உப்புத்தாளால் சோலைக் குறுக்குவாட்டில் தேய்த்தால் ஒரு காட்சிக்குத் தாங்கும். பலகை மேடையில் டக் டக் என்று எதிரொலித்து வசனத்தை விழுங்கினாலும் மருந்து அதே ரப்பர்தான். ஹீலுக்கு அடியில் மட்டும் வைத்தாலே பாதி அடங்கும். ராணுவ நடைக்குச் சத்தம் வேண்டுமானால் ஒரே ஒரு ஆளுக்கு ஹீலில் லாடம் அடியுங்கள். பத்துப் பேருக்கு அடித்தால் மைக்கில் வேறொன்றும் கேட்காது.

குதிகால் கழன்றால் உள்ளே குதிகால் பகுதியில் மெல்லிய ஸ்வேட் துண்டு ஒட்டுங்கள், சொரசொரப்புப் பக்கம் காலைப் பார்த்து. பின்பக்கம் திறந்த காலணிக்குத் தோல் நிற எலாஸ்டிக் 1 செ.மீ. அகலத்தில் போதும். பெரிய சைஸை வாங்கிப் பஞ்சு அடைப்பது வீண். பிரிட்டிஷ் சைஸில் ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்றில் ஒரு அங்குலம், சுமார் 8.5 மி.மீ. கூடும். ஒரு சைஸ் பெரிதென்றால் 3 மி.மீ. உள் சோல் ஒன்று வைத்துச் சமாளிக்கலாம், இரண்டு சைஸ் பெரிதென்றால் ஆகாது. கொப்புளம் வந்தால் ஷூ புதிது என்று அர்த்தம். கடைசி இரண்டு ஒத்திகையாவது மேடைக் காலணியோடு நடக்கட்டும்.

அறிகுறி: போன வருஷத்து ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் சோல் பொடிப்பொடியாக உதிர்கிறது

பாலியூரிதேன் சோல். காற்றின் ஈரம் உள்ளே புகுந்து அதன் கட்டமைப்பையே அறுத்துவிடும். போடாமல் பூட்டி வைத்ததுதான் சீக்கிரம் கெடும். ஒட்டிப் பார்க்காதீர்கள், உதிரும் மாவில் சொல்யூஷன் பிடிக்காது. முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, மேல்பாகம் நன்றாக இருந்தால் மட்டும் தோல் அல்லது ரப்பர் சோல் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நாடகக் குழுவின் பெட்டிக்கு வாங்கும்போதே சோலை அழுத்திப் பாருங்கள்: நுரை மாதிரி லேசாக, மெத்தென்று இருந்தால் பெரும்பாலும் பாலியூரிதேன், அதைத் தவிருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் மேல் வெள்ளைப் பூசணம் பூத்தால், வெளியே எடுத்து வந்து உலர்ந்த துணியால் துடைத்து, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து மறுபடி துடைத்து, நிழலில் இரண்டு நாள் காற்றாட வையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் பூசணம் போகும், தோலும் விறைத்துப் போகும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல் பழைய வேட்டித் துணியில் சுற்றி, உள்ளே செய்தித்தாள் கசக்கி வைத்துப் பெட்டியில் போடுங்கள். பெட்டி மேல் எந்த நாடகம், எந்தப் பாத்திரம், எந்த சைஸ் என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள்.